கட்டிலும் நாற்காலியும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைச் சுவைத்தவர்கள் அறிவார்கள்: மூங்கில் குடலையில் இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த மாவை வார்த்து வேகவைக்கும் அந்தப் பிரசாதம் எவ்வளவு மிருதுவாக இருந்தாலும், இடையிடையே பல்லில் அகப்படும் மிளகுதான் அதற்கு ஜீவன். நகராட்சியில் முப்பது ஆண்டுகள் வரி வசூலித்தோ, குடிநீர்க் குழாயைக் கவனித்தோ, தெருவைப் பெருக்கியோ ஓய்வுபெற்ற ஒரு முதியவர், அந்த மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி இலையோரத்தில் ஒதுக்குவாராயின், அது ருசிபேதம் அன்று. கடைவாய்ப் பல் இல்லாத குறை.

இத்தகையோருக்குக் காப்பீடு இல்லாமலில்லை. தமிழக அரசின் ஓய்வூதியர் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான நான்காண்டுகளை ஒரு கட்டமாகக் கொண்டு, யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வாயிலாக வகுக்கப்பட்டது. உள்ளாட்சி ஸ்தாபனங்களின் ஓய்வூதியரும் அதில் அடங்குவர். மாதந்தோறும் 497 ரூபாய் பிடித்துக்கொண்டு, தம்பதியர்க்கு நான்காண்டுகளில் 5 லட்சம் ரூபாய் வரையிலும், குறிப்பிட்ட சில கொடிய நோய்களுக்கு 10 லட்சம் வரையிலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கைப்பணம் கட்டாமல் சிகிச்சை பெற அக்கட்டத்தில் அது வழி செய்தது.

ஆனால் இத்திட்டத்தின் வாசல் மருத்துவமனைக் கட்டில். உள்நோயாளியாகச் சேர்ந்தவர்க்கே அது பெரும்பாலும் திறக்கும். பல் வைத்தியத்துக்கோ கட்டில் இல்லை, நாற்காலிதான். அதில் சாய்ந்து சொத்தையை அடைத்துக்கொள்வதும், வேர் சிகிச்சை செய்துகொள்வதும், பல்செட் கட்டிக்கொள்வதும் வெளிநோயாளர் கணக்கில் சேர்ந்து சொந்தச் செலவாகிவிடுகின்றன. காப்பீடு என்பது நேருமோ நேராதோ என்றிருக்கும் ஆபத்தின் பாரத்தைப் பலர் கூடிச் சுமப்பது. முதுமையில் பல் ஆடுவதோ ஏறக்குறைய நிச்சயம் என்பது நிறுவனங்களின் நியாயம். மிச்சமிருப்பது மாதம் 300 ரூபாய் மருத்துவப்படி. ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வாங்கிய பின் அதில் பல்லுக்கு என்ன மிஞ்சும்?

இதே ஊரில், தறிக்குழியில் கால் வைத்து உழைக்கும் நெசவாளர்க்காக மத்திய அரசு 2005-ஆம் ஆண்டையொட்டிக் கொண்டுவந்த சுகாதாரக் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்ற சிறு வரம்புடையதாயினும், வெளிநோயாளர் செலவை ஏற்றதோடு, பல் சிகிச்சைக்கென 250 ரூபாயைத் தனி இனமாகவே எழுதிவைத்தது. தொகை அற்பம், ஆயினும் நெசவாளியின் வாயில் பல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட ஒரு வரி அது.

பல்லைப் பார்ப்பவர் வாய் முழுவதையும் பார்க்கிறார் என்பதே இதில் முக்கியம். புகையிலை அடக்கிய கன்னத்து வெள்ளைப் படலத்தையும், வாரங்கள் கடந்தும் ஆறாத புண்ணையும், புற்றுநோயின் முன்னறிகுறியாகக்கூடிய அவற்றை, முதலில் காணக்கூடியவர் அவர். 1866-இல் அமைந்து 2021-இல் மாநகராட்சியான காஞ்சி நகராட்சியில் இளமையில் எழுத்தராகப் பணிபுரிந்த அண்ணா, 1969-இல் புற்றுநோயால் மறைந்தார். காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. அத்தகைய நோய் முற்றியபின் லட்சக்கணக்கில் கொடுக்கும் ஓய்வூதியர் திட்டம், அதை முளையிலே காட்டக்கூடிய பரிசோதனைக்கு ஒன்றும் கொடுப்பதில்லை.

இன்றைய நிலையில் செய்யத்தக்கவை சில. அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவையும், 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியையும் தயங்காமல் நாடலாம். காப்பீட்டு அட்டையைப் பெட்டியில் பூட்டாமல் வீட்டார் கைக்கெட்டும் இடத்தில் வைக்கவேண்டும். அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர நேர்ந்தால் ரசீதுகளைப் பத்திரப்படுத்தி விண்ணப்பிக்கவேண்டும். பட்டியலில் பெயரில்லை என்பதொன்றே மறுப்புக்குக் காரணமாகாது என்று, மத்திய அரசின் ஓய்வூதியர் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்த கட்டத் திட்டம் வகுக்கப்படும்போது, ஆண்டுக்கு ஒருமுறை அந்த நாற்காலியில் அமர்ந்து வாய் திறப்பதற்கும் ஒரு வரி இடம்பெறட்டும்; நெசவாளிக்கு எழுதத் தெரிந்த அந்த வரி, அவர் தெருவுக்கு விளக்கேற்றியவர்க்கும் எழுதத் தகாததன்று.