மீன் பிடிக்கப் போனேன்... மீனுக்குக் கிடைக்கப் பார்த்தேன்!

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்ல நான்கு காரணங்கள்தான் உண்டு. காய்ச்சல், வயிற்றுக் கோளாறு, வண்டி ரிப்பேர், ஊரில் பாட்டி சீரியஸ். 'ஸார், நேத்து மேட்டூர் டேம்ல விழுந்துட்டேன்' என்று போன் செய்த முதல் ஆசாமி அநேகமாக நானாகத்தான் இருப்பேன். மேனேஜர் நம்பவில்லை. "நிதானமா யோசிச்சு, நல்ல காரணமா மத்தியானம் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

சத்தியமாக விழுந்தேன் ஐயா! எப்படி விழுந்தேன், எப்படிப் பிழைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூண்டிலும் பிரியாணிப் பொட்டலமுமாக ஏரி, அணை என்று கிளம்புகிறவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

என் ஆபீஸ் நண்பன் ஒருவன். (பெயர் வேண்டாம். அவன் மனைவிக்கு முழு விவரம் இன்னும் தெரியாது.) அவனுடைய தாய்மாமா கொளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நாற்பது வருஷமாகப் பரிசல் போட்டு மீன் பிடிப்பவர். அங்கே நினைத்தவர்கள் எல்லாம் வலை வீசிவிட முடியாது; மீன்வளத்துறை லைசென்ஸ் வேண்டும். மாமாவிடம் அது இருந்தது. எங்களிடம் இருந்தது ஆர்வக்கோளாறு மட்டும்தான்.

மே மாத ஞாயிறு. மத்தியானம் மாமா வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கரைக்குப் போனோம். மாலையில் வலையைக் கட்டிவிட்டு வந்து, விடியற்காலையில் போய் எடுப்பது அவர்கள் வழக்கம். "கூட வந்து வேடிக்கை பாருங்க. ஆனா நான் சொல்றதைக் கேக்கணும்" என்ற நிபந்தனையோடுதான் மாமா எங்களை ஏற்றினார்.

மேட்டூர் என்றதும் நமக்கெல்லாம் அணைக்கட்டும் பூங்காவும்தான் ஞாபகம் வரும். அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பதைப் பரிசலில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். 1934-ல் கட்டி முடித்த அணை. 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர். பரப்பளவு ஏறக்குறைய 150 சதுர கிலோமீட்டர்! இதற்காக ஊர் ஊராகக் காலி செய்தார்கள். பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீர் குறையும் வருஷங்களில் தலைகாட்டும். அவை தெரிந்தால் டெல்டாக்காரர்கள் வயிற்றில் புளி கரையும்.

"அதெல்லாம் போட்டோவுக்கு அழகு தம்பி. தண்ணி அதை லேசா மூடியிருக்கும்போது போய் மோதிப் பாரு" என்றார் மாமா. கோயில் மட்டுமல்ல... பழைய மரக்கட்டை, பாறை, எவனோ விட்டுப்போன அறுந்த வலை எல்லாம் அடியில் கிடக்கிறதாம். எது எங்கே என்பது தெரிந்தவர் இல்லாமல் உள்ளே போகக்கூடாது என்பது முதல் பாடம்.

கரையிலேயே மாமா மூன்று ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டுகளை எடுத்தார். ஒன்றை அவர் மாட்டிக்கொண்டு, இரண்டை எங்களிடம் நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, எனக்கு நீச்சல் தெரியும். பத்து வயசுல சுரைக்குடுக்கையை இடுப்புல கட்டி அறுபதடி கிணத்துல கத்துக்கிட்டவன்!"

"கிணத்துல நாலு கை போட்டா சுவரு வரும். இங்க எந்தச் சுவரைப் பிடிப்பே?"

பதில் இல்லை. போட்டுக்கொண்டேன்.

பரிசல் என்பது தண்ணீரில் வைத்த தாம்பாளம். முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. படகுக்கு அடியில் நடுத்தண்டு மாதிரி ஒன்று நீளமாக ஓடி, அதை நேராக நிற்க வைக்கும். பரிசலுக்கு அதுவும் இல்லை. துடுப்பை நிறுத்தினால் சுற்ற ஆரம்பித்துவிடும். காற்றடித்தால் காகிதத் தட்டு மாதிரி அது பாட்டுக்குப் போகும். அதனால் எல்லோரும் தரையோடு தரையாக உட்கார வேண்டும், எடை நாலா பக்கமும் சமமாக இருக்கவேண்டும், எந்தக் காரணத்துக்கும் எழுந்து நிற்கக்கூடாது.

"அவசரமா ஒண்ணுக்கு வந்தா?" என்று கேட்டான் நண்பன்.

"கரைக்குப் போலாம்னு சொல்லு. அதுக்கு எந்திரிச்சு நின்னு தண்ணிக்குள்ள போனவனுங்க கணக்கு உனக்குத் தெரியாது மாப்ளே."

நாங்கள் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை.

வலையில் பாதியைக் கட்டி முடித்ததும், எங்கள் நச்சரிப்புத் தாங்காமல் பரிசலை நிறுத்தி ஆளுக்கொரு தூண்டிலைக் கொடுத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஜாக்கெட்டுக்குள் எனக்கு இட்லிப் பானையில் உட்கார்ந்த மாதிரி புழுக்கம். மெல்லக் கழற்றி, மடித்து, அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சுகமாக இருந்தது. உயிரைக் காப்பாற்ற வந்த சாமானை உட்காரும் மெத்தையாக்கிய புத்திசாலி நான்!

நாலரை மணி இருக்கும். மாமா மேற்கே பார்த்தார். "பாலமலைப் பக்கம் கறுக்குது. போதும், கெளம்பலாம்."

நாங்களும் பார்த்தோம். மலைக்கு மேல் ஏதோ கொஞ்சம் இருட்டு. எங்கள் தலைக்கு மேல் பளிச்சென்று வெயில். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து நண்பன் தூண்டிலில் மீன் கடிக்க ஆரம்பித்துவிட்டது. "மாமா, பத்தே பத்து நிமிஷம்!"

ஆபீஸில் பத்து நிமிஷம் என்பது ஒரு டீ. ஏரியில் பத்து நிமிஷம் என்றால் என்ன என்பது பிறகுதான் தெரிந்தது.

கோடை மழை மேகம் மழையை மட்டும் கொண்டுவருவதில்லை. மேலேயிருந்து குளிர்ந்த காற்று தடாலென்று கீழே இறங்கி நாலா பக்கமும் பாயும். மழை வருவதற்கு முன்பே அந்தக் காற்று வந்துவிடும். தண்ணீரின் மேல் தடுக்க மரம் கிடையாது, வீடு கிடையாது. எவ்வளவு தூரம் தடையில்லாமல் காற்று ஓடுகிறதோ அவ்வளவு பெரிய அலை எழும். அதுவும் கடல் அலை மாதிரி மூச்சு விட நேரம் கொடுக்காது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறி வரும். வெயில் இருக்கிறதே என்று நினைத்தவனுக்கு அது புரிவதற்குள் நனைந்துவிடுவான்.

நண்பன் ஒரு கட்லாவை இழுத்துப் போட்டான். இரண்டு கிலோ இருக்கும். "டேய், போட்டோ எடுடா!" என்றான்.

நான் செல்போனை எடுத்தேன். மீனும் அவனும் ஒரே படத்தில் வரவில்லை. எழுந்து நின்றேன்.

அப்போதுதான் காற்று வந்தது.

தண்ணீருக்குள் போய் மேலே வந்தபோது முதலில் நினைத்தது செல்போனைத்தான். (ஆறு தவணை பாக்கி!) அடுத்த கணம் அதை மறந்தேன். பரிசல் என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பத்தடி... இருபதடி... நான் கை போடுகிறேன், அது இன்னும் தள்ளிப் போகிறது. எடையில்லாத பரிசலைக் காற்று தள்ளும் வேகத்துக்கு, சட்டை பேன்ட்டோடு நீந்துகிறவன் ஈடு கொடுக்கவே முடியாது. வாயைத் திறந்தால் அலை உள்ளே வருகிறது. இரண்டு நிமிஷத்தில் கை மரத்துவிட்டது. கரை பக்கத்தில்தான் தெரிந்தது. தண்ணீரின் மேல் பார்க்கும்போது எல்லாக் கரையும் பக்கத்தில்தான் தெரியும், ஸார்! அதை நம்பிக் கிளம்பினால் பாதி வழியில் கதை முடிந்துவிடும்.

மாமாவின் குரல் மட்டும் கேட்டது. "நீந்தாதே! மல்லாக்கப் படு! மூச்சை இழுத்துப் பிடி!"

படுத்தேன். அலை முகத்தில் அடித்தாலும் மூச்சு கிடைத்தது. அதற்குள் மாமா செய்த காரியம் இருக்கிறதே... மீதி இருந்த வலையை அப்படியே தண்ணீரில் தள்ளிவிட்டு, அதன் கயிற்றைப் பரிசலில் கட்டினார். தண்ணீரில் தொங்கிய வலை கனமாக இழுத்துப் பிடிக்க, பரிசலின் ஓட்டம் குறைந்தது. பிறகு முட்டி போட்டுத் துடுப்பை வலித்து, காற்றை எதிர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினார். கயிறு கட்டிய காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றை எறிந்தார். முதல் தடவை காற்று அதைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டது. இரண்டாவது தடவையும் எட்டவில்லை. மூன்றாவது தடவை என் தோளில் வந்து விழுந்தது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். அதைக் கட்டிக்கொண்ட மாதிரி என் வாழ்க்கையில் நான் யாரையும் கட்டிக்கொண்டதில்லை.

பரிசலைத் தொட்டதும் தாவி ஏறப் பார்த்தேன். "தொங்காதே! மூணு பேரும் போயிருவோம்!" என்று ஓர் அதட்டல். நண்பனை எதிர்ப்பக்க விளிம்போடு ஒட்டி உட்கார வைத்து, எடை சமமானதும், என் அக்குளில் கை கொடுத்து மீனைப் போல உள்ளே இழுத்துப் போட்டார். கட்லா அந்தக் களேபரத்தில் எப்போதோ வெளியே குதித்துவிட்டது. அதற்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

பரிசலின் நடுவே என் லைஃப் ஜாக்கெட் பத்திரமாக, நனையாமல் இருந்தது.

அப்புறம் மின்னல். பெரிய தண்ணீர்ப் பரப்பில் உயரமான பொருள் நாம்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினால் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. நான் எண்ணினேன். நான்கு வரைதான் வந்தது. வலையை அறுத்துவிட்டு, குனிந்து உட்கார்ந்து, காற்று தள்ளிய பக்கமே போய், கிளம்பிய இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கரை சேர்ந்தோம். அங்கே மாமி குடையோடு ஓடி வந்துகொண்டிருந்தார்! பரிசல் எந்தப் பக்கம் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்பும் என்று சொல்லாமல் மாமா ஒருநாளும் தண்ணீரில் இறங்கியதில்லையாம். நேரம் தப்பினால் தேட ஆள் வரும்.

இரவு துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "நீச்சல் தெரிஞ்ச நீங்களும் ஏன் மாமா ஜாக்கெட் போடறீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "என் ஜோடிக்காரன் ஒருத்தன் இருந்தான். இந்தக் கரையிலேயே அவன் மாதிரி நீந்த ஆள் கிடையாது. ஒருநாள் சாயங்காலம் பரிசல் மட்டும் திரும்பி வந்துச்சு. நீச்சல் தெரியாதவன் பயந்து ஜாக்கிரதையா இருப்பான் தம்பி. தெரிஞ்சவன்தான் போறான்."

எனக்கு இரண்டு செய்திகள் ஞாபகம் வந்தன. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பலர் ஒரே பக்கமாக நகர்ந்ததைக் காரணமாகச் சொன்னார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர். இரண்டையும் நான் டீ குடித்துக்கொண்டே படித்து, 'ச்சொ... ச்சொ...' என்று பக்கத்தைப் புரட்டியவன்தான். அந்தப் படகுகளில் இருந்தவர்களும் நம்மைப்போல லீவு நாளில் சந்தோஷமாகக் கிளம்பியவர்கள்தானே!

மாமாவிடம் கற்றதைச் சுருக்கமாகத் தருகிறேன். கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாலும் சரி.

• லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, எல்லாப் பட்டைகளையும் இறுக்குங்கள். கரைக்குத் திரும்பிய பிறகுதான் கழற்றவேண்டும். விழுந்த பிறகு தண்ணீருக்குள் அதை மாட்டுவது நடக்காத காரியம்.

• எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லுங்கள். செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும்.

• வானிலை அறிவிப்பைப் பாருங்கள். கோடையில் மத்தியானத்துக்கு மேல் மேகத்தின்மேல் ஒரு கண். இடி கேட்டால் கரை.

• கயிறு கட்டிய காலி கேன், வலையோ நரம்போ காலில் சுற்றினால் அறுக்க ஒரு கத்தி, தண்ணீர் இறைக்க ஒரு டப்பா... இவை இல்லாமல் கிளம்பவேண்டாம்.

• படகு கவிழ்ந்து மிதந்தால் அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள். கரையை நோக்கி நீந்தாதீர்கள். தேடி வருபவர்கள் கண்ணுக்குப் படகுதான் தெரியும், உங்கள் தலை தெரியாது.

• 'குவார்ட்டர்' எல்லாம் கரைக்கு வந்த பிறகும் வேண்டாம் என்பேன். தண்ணீரின் மேல் வேண்டவே வேண்டாம்.

மாமாவின் வலைக்கு நானும் நண்பனுமாகச் சேர்ந்து பணம் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றார், மாமி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை வீடு வந்து சேர்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "என்னடா, மீன் ஏதாவது கிடைச்சுதா?"

"இல்லம்மா. மீனுக்குத்தான் ஒண்ணு கிடைச்சு, கை நழுவிப் போயிருச்சு."

அம்மாவுக்குப் புரியவில்லை. புரியவைக்கவும் இல்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள். ஆபீஸ் மேனேஜரும் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். ஸார், அந்தத் திங்கட்கிழமைக்குச் சம்பளம் பிடித்திருக்கிறீர்கள்!