'இந்த வயசுல யாருக்குக் காட்ட?'

இரண்டு வாரங்களுக்கு முன், இதே பகுதியில் ஒரு சகோதரி, 'உடம்பைக் குறைக்க ஆசைதான். ஆனால், ஜிம் வாசல் வரை போய்விட்டு, கூச்சத்தில் திரும்பி வந்து விட்டேன்' என்று எழுதியிருந்தார். படித்ததும் சிரிப்பு வந்தது. கூடவே, நெஞ்சில் சுருக்கென்றது. அவராவது வாசலோடு திரும்பினார். நான், உள்ளே போய், நாலாம் நாள் ஓடி வந்தவள். ஏன் ஓடி வந்தேன் என்பதை, பெற்ற மகளிடம் கூடச் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன், நம் பக்கம்தானே!

எனக்கு வயது, 46. மதுரை, தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். கணவர், தனியார் கம்பெனியில் கணக்கர். மகள் கல்லூரியிலும், மகன் பிளஸ் 2விலும் படிக்கின்றனர். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். காலை, 5:00 மணிக்கு எழுந்தால், காபி, டிபன், மூன்று டப்பா சாப்பாடு என்று, 8:30 மணி வரை, நின்ற கால் நிற்க நேரமிருக்காது. 'இவ்வளவு ஓடுறேனே, எனக்கு எதுக்குத் தனியா உடற்பயிற்சி?' என்றுதான், நானும் நினைத்திருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் அம்மா, 71 வயதில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாகவே நடந்தது. ஆனால், அதன்பின், இரண்டு பேர் கை கொடுக்காமல், அம்மாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. கழிப்பறைக்குப் போக ஆள் வர வேண்டுமே என்று, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொண்டார். அதைப் பார்க்கிற வேதனை, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

'எலும்பு சேர்ந்துடுச்சு... தொடையில சதையே இல்லையேம்மா, எதை வச்சு எந்திரிப்பாங்க?' என்ற டாக்டரம்மா, என்னை ஏற இறங்கப் பார்த்து, 'நீங்க எப்படி? தரையில உட்கார்ந்து, கை ஊனாம எந்திரிப்பீங்களா?' என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு முயன்று பார்த்தேன். முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துத்தான் எழுந்தேன். அம்மாவுக்கு, 71; எனக்கு, அப்போது, 43!

அடுத்த வாரம், ரத்தப் பரிசோதனை. மூன்று மாத சர்க்கரை சராசரி, 6.2 என்று வந்தது. '5.7 முதல், 6.4 வரை எல்லைக்கோடு. 6.5ஐத் தொட்டா சர்க்கரை நோய். மாத்திரை இப்ப வேணாம், உடம்பை அசைங்க. சதை வேலை செஞ்சாதான், ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை அது இழுத்துக்கும். நடந்தா மட்டும் போதாது, வெயிட்டும் தூக்கணும்' என்றார்.

மாமியாரிடம் சொன்னேன். 'நாங்கல்லாம் எந்த ஜிம்முக்குப் போனோம்? வீட்டு வேலையை ஒழுங்காப் பார்த்தாலே போதும்...' என்றார். கோபம் வந்தது, யோசித்தால், அவர் சொன்னதில் பாதி உண்மை. அவர் காலத்தில், ஆட்டுக்கல், அம்மி, கிணற்று ராட்டினம். துணி துவைப்பதும், காய் நறுக்குவதும், சாப்பிடுவதும் தரையில். ஒரு நாளைக்கு எத்தனை முறை குந்தி எழுந்திருப்பார்! எனக்கோ, மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், மேடை அடுப்பு, டைனிங் டேபிள். கழிப்பறை கூட நாற்காலி மாதிரிதான். நாள் முழுக்க நிற்கிறேன், களைப்பாகிறேன். ஆனால், குனிந்து, நிமிர்ந்து, பாரம் தூக்கி எதுவும் செய்வதில்லை. களைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு என்பது, எனக்கு, 43 வயதில்தான் புரிந்தது. நம் நாட்டுப் பெண்களில், 100க்கு, 57 பேர், உடம்புக்குத் தேவையான அளவு அசைவதே இல்லை என்று, 2024ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதை, செய்தித்தாளில் படித்தேன். ஆண்களில், 42 பேராம். இத்தனைக்கும், வீட்டு வேலை முழுக்க நம் தலையில்!

சரி, ஜிம் கதைக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு, 3,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். பெண்களுக்கென்று, காலை, 10:30 முதல், 12:00 மணி வரை. ஷூ வாங்கப் போனால், கடைப் பையன், 'தம்பிக்கா, அக்கா?' என்றான். 'எனக்குத்தான்' என்று சொல்லவே நாக்கு எழவில்லை.

ஜிம்மில், நான்கு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும், சுடிதாரும் துப்பட்டாவுமாக, நானே நிற்கிறேன். பக்கத்தில், கல்லூரிப் பெண்கள், உடம்போடு ஒட்டிய உடையில் சிட்டாகப் பறக்கின்றனர். சொல்லிக் கொடுக்கிற தம்பி, 'ஆன்ட்டி, வெயிட் எவ்வளவு?' என்று, அந்தக் கோடியிலிருந்து கத்திக் கேட்டான். '78' என்றேன், முணுமுணுப்பாக. 'எவ்வளவு, 68ஆ?' என்றான். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

இதையெல்லாம் கூடத் தாங்கிக் கொண்டேன். நாலாம் நாள், கையையும் காலையும் விரித்து விரித்துக் குதிக்கச் சொன்னான். பத்து குதிக்குள், சிறுநீர் கசிந்து விட்டது. இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஆனால், எழுதாமல் விட்டால், மற்றதை எழுதிப் பிரயோஜனமில்லை. துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு, 'வீட்ல அவசரம்' என்று சொல்லி ஓடி வந்தவள்தான். பணம் போனது போனதுதான். கணவர் கேட்டதற்கு, 'முட்டி வலிக்குது' என்று, பொய் சொன்னேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பின், தும்மினால், இருமினால் இப்படி ஆவதுண்டு. பிள்ளை பெற்றால் இதெல்லாம் சகஜம் என்று, பாட்டி காலத்திலிருந்து சொல்லி வைத்திருக்கின்றனர். அதனால், யாரிடமும் கேட்கவும் தோன்றவில்லை.

இனி, எங்கள் தெரு, 'பேங்க் அக்கா' பற்றிச் சொல்ல வேண்டும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது, 62. கணவர் காலமான ஆறாவது மாதம், புடவையோடு ஷூ மாட்டிக்கொண்டு, தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். அப்போது, நாங்கள் நாலைந்து பெண்கள், வாசலில் நின்று பேசிக் கொண்டிருப்போம். அவர் தாண்டிப் போனதும், 'இந்த வயசுல யாருக்குக் காட்ட இவ்வளவு மினுக்கு?' என்று, சொல்லிச் சிரித்தவள், வேறு யாருமல்ல, நான்தான். புருஷனை இழந்து ஆறு மாதம்தான் ஆன பெண்ணைப் பார்த்து, வாய் கூசாமல் சொன்னேன்.

ஜிம் கண்ணாடி முன், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாக, நான் ஏன் அப்படி நடுங்கினேன் என்பதற்கு, காரணம் தேட வெளியே போக வேண்டியதில்லை. நான் அப்படிச் சிரித்தவள் அல்லவா?

ஒரு நாள், அதே அக்கா, வாசலில் இறக்கிய, 20 லிட்டர் தண்ணி கேனை, முழங்காலை மடக்கி, அலுங்காமல் தூக்கி உள்ளே கொண்டு போனதைப் பார்த்தேன். அம்மாவின் கட்டில் கண் முன் வந்தது. வெட்கத்தை விட்டு, 'அக்கா, நாளைக்கு நானும் உங்க கூட வரட்டா?' என்று கேட்டேன். 'அஞ்சே முக்காலுக்கு வாசல்ல நில்லு' என்றார், அவ்வளவுதான்.

பத்து நாள் சேர்ந்து நடந்த பின், மனம் உறுத்தவே, பழசைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். 'தெரியும்மா... நீங்க சிரிக்கிறது கேட்கக் கூடாதுன்னுதான், காதுல பாட்டு மாட்டிக்கிட்டுப் போவேன்' என்றார். நடையை நிறுத்தவே இல்லை. எனக்குத்தான், அன்று, இரண்டாவது சுற்று நடக்கக் கால் வரவில்லை.

அவரிடம்தான், முதன் முதலாக, அந்த நாலாம் நாள் கதையைச் சொன்னேன். 'எனக்கும் இருந்துச்சுடி. நான், புடவைக்குள்ள நாப்கின் வச்சுக்கிட்டு நடந்தேன். அப்புறம், டாக்டரம்மா பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க. போய்க் கேளு' என்றார்.

கேட்டேன். டாக்டரம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. கர்ப்பப்பை, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்குகிற தசை, பிரசவத்தில் தளர்ந்து போகுமாம். சிறுநீரையும், வாயுவையும் அடக்குவது போல, அந்தத் தசையை உள்ளுக்குள் இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர விட வேண்டும். ஒரு தடவைக்கு, எட்டு அல்லது பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடையை இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகவும் கூடாது. 'மூணு மாசம் விடாமச் செய்யுங்க. எரிச்சல், ரத்தம்னு வேற தொந்தரவு இருந்தா உடனே வாங்க' என்றார். இட்லி வேகிற நேரத்தில், நின்றபடியே செய்தேன். யாருக்கும் தெரியாது. மூன்றாம் மாதம், தும்மலுக்குப் பயப்படுவதை மறந்தே போனேன். பல வருஷ அவஸ்தை! எத்தனை கல்யாண வீட்டில், இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்திருப்பேன்...

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எங்களுக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும், அதுவும் விடியற்காலையில். தண்ணீர் வராத நாளில்தான் நடை. வாரத்துக்கு மூன்று நாள், சில வாரம், நான்கு. ஒவ்வொரு முறையும், 50 நிமிடம். தெப்பக்குளம் ஒரு சுற்று, 1 கி.மீ.,க்குக் கொஞ்சம் கூட வரும். வாரத்துக்கு, 150 நிமிடமாவது வேக நடை, இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி என்பதுதான், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சிலர், 10,000 அடி நடந்தே தீர வேண்டும் என்று போனைப் பார்த்துப் பார்த்து நடக்கின்றனர். அது, 1965ல், ஜப்பானில், அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து வந்ததாம். எட்ட முடியவில்லையே என்று, நடையையே விட்டு விடாதீர்கள்.

தண்ணீர் வரும் நாளில், குடம் நிறையும் வரை, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவேன். சுவரில் கை வைத்து, சாய்ந்து நிமிர்வேன். 1 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கைக்கு ஒன்றாகத் தூக்குவேன். மகன், 'அம்மா பயில்வான்' என்று கேலி செய்தான். 'இன்னிலேர்ந்து, உன் டப்பாவை நீயே கட்டிக்கோ. பயில்வானுக்கு வேலை இருக்கு' என்றேன். கட்டுகிறான், ஊறுகாயை மட்டும் மறந்து விடுவான்.

ஆறு மாதம் கழித்து, அக்காவோடு, அதே ஜிம்முக்கு மறுபடி போனேன். இப்போது, சொல்லிக் கொடுப்பது ஒரு பெண். முதல் நாளே, 'எனக்கு குதிக்கிற பயிற்சி வேணாம்மா. கொஞ்சம் கொஞ்சமாப் பழகிக்கிறேன்' என்றேன். 'சரிக்கா, அதுக்குப் பதிலா இந்தப் படியில ஏறி இறங்குங்க' என்று, போய் விட்டாள். இந்த ஒரு வரியைச் சொல்லத் தெரியாமல், 3,000 ரூபாயை விட்டேன்! புது மாணவியிடம், எடையை உரக்கக் கேட்காதே என்றும் சொல்லி வைத்தேன். துப்பட்டாவுக்குப் பதில், தொளதொள டி-ஷர்ட். உள்ளாடை மட்டும், ஓட்டப் பயிற்சிக்கென்றே விற்பதைத் தேடி வாங்கினேன். அது இல்லாமல் போகாதீர்கள். கூச்சத்தில் பாதி, அதனால்தான்.

எடை, 78லிருந்து, 73 ஆனது, அங்கேயே நிற்கிறது. இடுப்புச் சதையும், என்னோடுதான் இருக்கிறது. சர்க்கரை சராசரி, 5.8. இன்னும் எல்லைக்கோடுதான். தரையிலிருந்து, ஒரு கையை லேசாக முட்டியில் வைத்தால், எழுந்து விடுகிறேன். கை வைக்காமல், இன்னும் முடியவில்லை.

போன மாதம், அக்கா, மகன் வீட்டுக்குக் கோவை போயிருக்கிறார். வர, இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். நான் தனியாகத்தான் நடக்கிறேன். எதிர் வீட்டு வாசலில், இரண்டு பேர் நின்று பேசுவார்கள்; நான் தாண்டியதும் பேச்சு நிற்கும். அக்கா கொடுத்து விட்டுப் போன பாட்டுக் கருவி, காதில் இருக்கிறது. பாட்டுதான் போடுவதில்லை; பின்னால் வருகிற வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமே!

— பெயர் வேண்டாமே, மதுரை.