சாலைக்கு ஒற்றை நட்சத்திரம், கையில் புகார் எண் இல்லை

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடப்பட்ட தெருக்களைப் பற்றியும், நடைபாதையில் பெயர்ந்து கிடக்கும் கற்பலகைகளைப் பற்றியும் கூகுள் மேப்ஸ், எக்ஸ், ஃபேஸ்புக் ஆகிய தளங்களில் எழுதுவது குடியிருப்போரிடையே வழக்கமாகிவிட்டது. ஒற்றை நட்சத்திரம் இட்டு, நான்கு வரி வசைபாடி, ஒரு படத்தையும் இணைத்துவிட்டால் புகார் கொடுத்தாயிற்று என்ற நிறைவு வந்துவிடுகிறது. அவ்வாறு இடப்படும் மதிப்புரை எந்த அலுவலகப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பின்னொரு நாள் அதே பள்ளத்தில் ஒருவர் விழுந்து எலும்பு முறிந்தால், குறை முன்பே மாநகராட்சிக்குத் தெரிவிக்கப்பட்டது என மெய்ப்பிக்கவும் அது பெரிதாக உதவுவதில்லை. வரைபடச் செயலியில் பிழையைத் தெரிவிக்கும் வசதி இருக்கிறதே என்பார்க்கு, அது வரைபடத்தைத் திருத்துவதற்காக அந்நிறுவனத்துக்குச் செல்வதேயன்றிச் சாலையைத் திருத்துவோரிடம் செல்வதன்று என்பதைச் சொல்லியாக வேண்டும்.

2019 செப்டம்பரில் ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி, விண்வெளி வீரர் உடையில் ஒருவரைக் குண்டும் குழியுமான பெங்களூருச் சாலையில் நிலவில் நடப்பதுபோல் நடக்கவைத்து எடுத்த காணொளி பரவியதும் செப்பனிடும் வேலை தொடங்கியது உண்மை. 2025 அக்டோபரில் தொழிலதிபர் கிரண் மஜும்தார் ஷா சாலைகளைப் பற்றி எக்ஸ் தளத்தில் எழுதியதற்குத் துணை முதல்வரே மறுமொழி கூறியதும் உண்மை. அவை பெருங்கூட்டம் கவனிக்கும் பெயர்களுக்குக் கிடைத்த மரியாதை. 15வது கிராஸில் வசிக்கும் ஓய்வூதியர் ஒருவரின் பதிவுக்கு அந்த மரியாதை கிடைக்கும் என எண்ணிக் காத்திருப்பது வீண்.

புகார் செல்ல வேண்டிய அலுவலகமும் இப்போது மாறியிருக்கிறது. பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகேயின் இடத்தில் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும், அதன்கீழ் 2025 செப்டம்பர் முதல் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. மல்லேஸ்வரம் மேற்கு மாநகராட்சியைச் சேர்ந்தது. சாலைப் பள்ளம், நடைபாதை, தெருவிளக்கு ஆகியவற்றுக்கு 1533 என்ற உதவி எண்ணும் ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட் செயலியும் உள்ளன. பாதாளச் சாக்கடை மூடி உடைந்திருந்தாலோ, குடிநீர்க் குழாய் கசிந்து தார் அரிக்கப்பட்டாலோ குறை குடிநீர் வாரியத்தினுடையது; அதன் எண் 1916. இதைப் பிரித்தறியாமல் கொடுக்கப்படும் புகார்களை, தங்கள் துறையைச் சேர்ந்ததன்று என ஒரு வரியில் தள்ளிவிடுவதில் இரு அலுவலகங்களும் தேர்ச்சி பெற்றவை.

இடத்தைக் குறிப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். மல்லேஸ்வரத்தில் மெயின், கிராஸ் என இரண்டு வரிசை எண்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், வெறுமனே எட்டாவது தெரு என்று எழுதினால் பொறியாளர் வேறிடம் சென்று பார்த்துவிட்டுப் பள்ளமே இல்லை என அறிக்கை தருவார்; அது பொய்யாகவும் இராது. சம்பிகே சாலை, மார்கோசா சாலை போன்ற பெயருள்ள சாலையானாலும், எந்தக் கிராஸுக்கும் எந்தக் கிராஸுக்கும் இடையில், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரில், ஏறக்குறைய எவ்வளவு நீளமும் ஆழமும் என்பதை எழுத வேண்டும். ஆழம் தெரிய அளவுகோலைப் பள்ளத்தில் நிறுத்திப் படமெடுப்பது நல்லது. அதன்பின் கிடைக்கும் புகார் எண்ணைத் தேதியுடன் குறித்துவைக்க வேண்டும். பள்ளம் திறந்தே கிடக்க, புகார் மட்டும் மூடப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருவது இந்நகரில் புதிதன்று. செய்தி வந்த அன்றே மறுபடி படமெடுத்து, பழைய எண்ணைச் சுட்டி மறுபுகார் பதிய வேண்டும். எண் இல்லாத புகார் புகாரன்று என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

அதற்கும் அசையாத அலுவலகத்திடம் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிகளின்படி மனு ஒரே பொருளைப் பற்றியதாகவும் 150 சொற்களுக்குள்ளும் அமைய வேண்டும். எனவே ஏன் சாலை இப்படி இருக்கிறது என்ற கேள்வியில் சொற்களை வீணாக்காமல், அந்தச் சாலைக்குக் கடைசியாக நடந்த பணியின் ஜாப் எண், ஒப்பந்ததாரர் பெயர், பணி முடிந்த தேதி, செய்த வேலையின் நீள அகலங்களைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல், பழுது வந்தால் ஒப்பந்ததாரர் தம் செலவிலேயே சரிசெய்ய வேண்டிய பொறுப்புக் காலம் முடியும் தேதி ஆகியவற்றை மட்டும் கேட்க வேண்டும். சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, பணியை நேரில் பார்வையிடவும் பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறவும் உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே. மனு கன்னடம், ஆங்கிலம், இந்தி ஆகியவற்றுள் ஒன்றில் இருக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதி அனுப்பி ஏமாற வேண்டாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் கொணர உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. 30 நாளில் பதில் இல்லையேல் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் கர்நாடகத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

மதிப்புரை எழுதவே கூடாது என்பதன்று. தமிழ்நாட்டின் நக்கீரன் இதழாசிரியர் ராஜகோபால் தொடர்ந்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தம்மை அவதூறு செய்ததாக இழப்பீட்டு வழக்குத் தொடர முடியாது எனத் தீர்ப்பளித்தது. இணையப் பதிவுகளுக்காகக் கைது செய்ய உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015இல் நீக்கப்பட்டது. ஆனால் ஒப்பந்ததாரர் அரசு அல்லர். ஆவணம் ஏதும் கையில் இல்லாமல் இன்னார் பணம் தின்றார் எனப் பெயர் சொல்லி எழுதினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்கீழ் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க அவதூறு வழக்கு வரலாம். சாலை மோசம் என்பது கருத்து. பணம் தின்றார் என்பது குற்றச்சாட்டு. வேறு ஊரில் எடுத்த பள்ளத்தின் படத்தைப் பரப்புவோர் உண்மையான புகார்களையும் சேர்த்தே கெடுக்கின்றனர்.

விபத்து நேர்ந்தபின் செய்ய வேண்டியவை தனி. நல்ல நிலையிலுள்ள சாலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், பள்ளத்தால் காயமுற்றோர் மாநகராட்சியிடம் இழப்பீடு கோரலாம் என்றும் கர்நாடக உயர் நீதிமன்றம் 2019இல் கூறியது. அதைக் கோர மருத்துவமனையின் காயச் சான்றிதழ், செலவு ரசீதுகள், பள்ளத்தின் படங்கள், அதே இடத்தைப் பற்றி முன்பு எவரேனும் பதிந்த புகாரின் எண் ஆகியவை வேண்டும். வாட்ஸ்அப்பிலோ வேறு தளத்திலோ ஏற்றிய படத்தில் நேரமும் இடமும் காட்டும் உள்விவரங்கள் பொதுவாக அழிந்துவிடும் என்பதால், எடுத்த கைபேசியில் மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் அதைச் சான்றாக ஏற்க, பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு சொல்லும் சான்றிதழும் தேவை. வழக்கறிஞர் அமர்த்த வசதியில்லாதோர் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை.

காவல் நிலையத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி விழுந்ததை, ஓட்டியவர் கவனக்குறைவால் தானே விழுந்ததாக எழுதிவிட்டால் இழப்பீட்டுக் கோரிக்கை அங்கேயே வலுவிழக்கிறது. முதல் தகவலை எழுதியபின் அதைத் தகவல் கொடுத்தவருக்குப் படித்துக்காட்டுவதும், நகலை இலவசமாகத் தருவதும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு விதிக்கும் கடமைகள். கன்னடம் வாசிக்கத் தெரியாதவர், அதில் பள்ளமும் அது இருந்த இடமும் குறிக்கப்பட்டுள்ளனவா என வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு கேட்டறிந்த பிறகே கையெழுத்திட வேண்டும்.