மலையேற்றத்தில் லோடு வண்டி இழுக்கவில்லையா? சென்சாரைக் கவனியுங்கள்

ஜவ்வாது மலையில் விளையும் சாமை, புளி, பலா எல்லாம் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர், ஆலங்காயம் பக்கம் இறங்குவது லோடு வண்டிகளில்தான். இறங்கும்போது கோளாறு தெரியாது. உர மூட்டையோடு திரும்ப ஏறும்போது, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வண்டி இழுக்காது. மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியும்.

இன்றைய டீசல் இன்ஜினில் உள்ளே போகும் காற்றையும் டர்போ அழுத்தத்தையும் சென்சார்கள் அளக்கின்றன. அந்தக் கணக்கை வைத்தே டீசல் பீய்ச்சப்படுகிறது. கணக்கு தப்பினால் கரும்புகை வரும், மைலேஜ் குறையும். சில நேரம் கம்ப்யூட்டரே இன்ஜினைக் காக்க சக்தியைக் குறைத்துவிடும்.

அதற்காக உடனே புது சென்சார் வாங்கிவிடாதீர்கள். ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடு, எந்தப் பகுதியில் சிக்கல் என்று மட்டுமே சொல்லும். எலி கடித்த ஒயர், தளர்ந்த கனெக்டர், விரிசல் விட்ட டர்போ ஹோஸ் இருந்தாலும் அதே குறியீடு வரலாம். களத்துமேட்டுத் தூசியில் நிற்கும் வண்டிக்கு ஏர் ஃபில்டரையும் பாருங்கள். இவற்றுக்கு ஆகும் செலவு குறைவு.

சென்சாரே பழுது என்றால், மாற்றியதும் பழைய இழுவை திரும்பும். அதற்கு மேல் கிடைக்காது. கூடுதல் 'பிக்கப்' வரும் என்று விற்பவரை நம்ப வேண்டாம். குறியீட்டை அழிக்கச் சொல்லி, லோடோடு ஓர் ஏற்றம் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். காலி வண்டியில் வித்தியாசம் தெரியாது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டி என்றால் தள்ளிப்போடாதீர்கள். பல டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. கரும்புகையோடு ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். அதை மாற்ற, சென்சார் விலையைப் போலப் பல மடங்கு ஆகும்.