பதில் கிடைக்காத ஸலாம்

உண்மையைச் சொன்னால் மனம் உடனே லேசாகிவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களுக்கு அப்படி நடக்கவில்லை.

ஹிஜ்ரி 9, தபூக் போர். கடும் வெயில். மதீனாவில் கனிகள் பழுத்திருந்த நேரம். கஅபிடம் வாகனமும் வசதியும் இருந்தன. நாளை புறப்படலாம் என்று தள்ளிப்போட்டதில் படை போய்விட்டது. நபி (ஸல்) அவர்கள் திரும்பியபோது, போகாமல் தங்கிவிட்ட எண்பதுக்கும் மேற்பட்டோர் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். கஅபோ கவிஞர், பேச்சு வன்மை உள்ளவர். ஒரு சாக்கைக் கட்டுவது அவருக்குக் கஷ்டமில்லை. ஆனாலும், தனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் சொந்தக் குலத்தாரான பனூ ஸலிமாவினர் பின்னாலேயே வந்து, நீயும் ஒரு காரணம் சொல்லியிருக்கக் கூடாதா என்று நச்சரித்தார்கள். திரும்பிப் போய்ச் சொன்னதை மாற்றிவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. இந்தத் தடுமாற்றத்தை அவர் மறைக்காமல் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. என்னைப் போல் வேறு யாரும் உண்மை சொன்னார்களா என்று கேட்டார். முராரா, ஹிலால் என்ற இரு நல்லவர்களின் பெயரைக் கேட்ட பிறகே உறுதியானார்.

பிறகு, இம்மூவரோடும் யாரும் பேசக்கூடாது என்ற உத்தரவு வந்தது. ஒருநாள் கஅப், சாச்சா மகனும் உற்ற நண்பருமான அபூ கதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவரேறி உள்ளே போய் ஸலாம் சொன்னார். பதில் இல்லை. நான் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பது உனக்குத் தெரியாதா என்று மூன்று முறை கேட்டார். அல்லாஹ்வும் அவன் தூதருமே நன்கறிவார்கள் என்பது மட்டுமே கடைசியில் கிடைத்த பதில். கண்ணீரோடு, வந்த சுவர் வழியே திரும்பினார்.

அபூ கதாதா கட்டளைக்குக் கட்டுப்பட்டவர். நம் வீட்டுக் கோபங்களுக்கு இதை ஆதாரமாக்க முடியாது. மூன்று நாளுக்கு மேல் பேசாதிருக்க நமக்கு அனுமதியில்லை.

அந்த வேதனையில் கஸ்ஸான் மன்னனிடமிருந்து, எங்களிடம் வந்துவிடு என்று கடிதம் வந்தது. கஅப் அதை அடுப்பில் போட்டார்.

ஐம்பதாம் நாள் ஃபஜ்ருக்குப் பின் மன்னிப்புச் செய்தி வந்தது. பள்ளிவாசலுக்குள் நுழைந்தவரை நோக்கி தல்ஹா (ரலி) எழுந்து ஓடிவந்து கைகொடுத்து வாழ்த்தினார். முதுமையில் பார்வை இழந்து, மகனின் கைப்பிடித்து நடந்த காலத்திலும் கஅப் அதை மறக்கவில்லை.