ஆமைக்கு எது வீடு?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மறுபக்கத்தில், மீன் தொட்டிக் கடையில் ஒரு குட்டி ஆமையை வாங்கி வைத்தால் அதிர்ஷ்டம் வரும் என்று நம்புவோரும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் வீட்டுக்கு என்ன நடக்கும் என்பதுதான் கவலை. அந்த ஆமைக்கு என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே உள்ள வில்கமுவவுக்கு மகளிர் குழுக் கூட்டங்களுக்காக நான் போய்வருவதுண்டு. வயலும் குளமும் வாய்க்காலுமான ஊர். அதை ஒட்டி வஸ்கமுவ தேசிய பூங்கா இருக்கிறது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தால் காடுகள் வெட்டப்பட்டபோது இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாக 1984ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்ட பூங்கா அது. இடம்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்த நமக்கு இந்த வரலாறு எளிதில் விளங்கும்.

அங்கே ஒரு கூட்டம் முடிந்ததும் அறுபதை நெருங்கும் ஒரு அம்மா என்னைத் தனியே அழைத்தார். 1990இல் கணவரைப் பறிகொடுத்து, கிழக்கிலிருந்து கைக்குழந்தையோடு வந்து உறவினர் நிழலில் தங்கியவர். அந்தக் குழந்தை இன்று குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். பத்து வயதுப் பேத்தியை அம்மாதான் வளர்க்கிறார். உழவு இயந்திரத்தில் அடிபட்டு ஓட்டின் ஓரம் உடைந்து கிடந்த ஓர் ஆமையைப் பேத்தி வாய்க்கால் ஓரத்திலிருந்து தூக்கி வந்திருக்கிறாள். மூன்று மாதமாக அது பிளாஸ்டிக் பேசினில். சாப்பாடு சோறும் பாணும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளை அதனோடுதான் கதை.

"மிஸ், இப்ப அது ஒண்டும் சாப்பிடுதில்ல. ஆருக்கும் சொல்லவும் பயமாக் கிடக்கு. யூனிபோம் போட்டவங்க வீட்டுக்கு வந்தா எனக்குக் கையெல்லாம் நடுங்கும்" என்றார்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. உங்களில் பலருக்கும் அது தெரியும். அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம். வந்த உத்தியோகத்தர் திண்ணையில் அமர்ந்து, எங்கே கிடைத்தது, என்ன கொடுத்தீர்கள் என்று பேத்தியிடம்தான் கேட்டார். வெயில் படாமலும் சரியான உணவு இல்லாமலும் ஓடு மென்மையாகிவிட்டது என்று விளக்கி, சிகிச்சைக்குக் கொண்டுபோனார். தேறியபின் அது கிடைத்த அதே வாய்க்காலில் விடப்பட்டதாக அம்மா பிறகு தொலைபேசியில் சொன்னார்.

எந்த ஆமை என்று பாருங்கள்

கடலாமைகளை விட்டால் இலங்கைக்குரிய ஆமைகள் மூன்று. கறுத்த, கெட்டியான ஓட்டில் மூன்று வரம்புகள் உள்ளது கல் ஆமை. தட்டையான, வழவழப்பான ஓடும், பின்னங்கால்களை மூடிக்கொள்ளும் மடல்களும் உள்ளது பாலாமை. இது நம் நாட்டுக்கே உரிய இனம். குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். இவை இரண்டும் தண்ணீரில் வாழ்பவை. மஞ்சள் கோடுகளால் நட்சத்திரம் வரைந்தது போன்ற, மேடான ஓடு உள்ளது நட்சத்திர ஆமை. புல்லும் இலையும் தின்று வறண்ட பற்றைக்காட்டில் வாழ்வது. இதற்கு நீந்தத் தெரியாது. "ஆமைதானே" என்று கிணற்றில் விட்டால் மூழ்கிச் சாகும்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்த மூன்றையும் பாதுகாக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். காயம்பட்டதைக் காப்பாற்றியவர், நாளைக் கடத்தாமல் அறிவித்துவிடுவதே நல்லது.

வழியில் ஆமையைக் கண்டால்

காயம் இல்லாத ஆமை றோட்டைக் கடக்கிறதென்றால், அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே தூக்கி விடுங்கள். நல்ல இடம் என்று நினைத்து வேறு குளத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். தன் நீரும் இரையும் எங்கே என்று அது அறிந்திருக்கும். புதிய இடத்தில் அலைந்து, மறுபடி றோட்டுக்கே வரும்.

ஓடு உடைந்திருந்தால், காற்றுப் போக ஓட்டை போட்ட காட்போட் பெட்டியில் சுத்தமான ஈரத்துணி விரித்து நிழலில் வையுங்கள். தண்ணீரில் போட வேண்டாம்; வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும். பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். ஓடு என்பது சட்டை மாதிரிக் கழற்றக்கூடியதல்ல. அது முள்ளந்தண்டோடும் விலா எலும்போடும் ஒட்டி வளர்ந்த உடம்பு. அதற்கு வலிக்கும்.

கடையில் வாங்கிய ஆமை

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள பச்சைக் குட்டி அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது. வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தால் ஓடு 20 சென்றிமீற்றரைத் தாண்டும். 30 ஆண்டுகள்கூட வாழும். ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய 40 லீற்றர் தண்ணீர், ஏறி உலர ஒரு கல், தினமும் வெயில், ஒதுங்க நிழல் இவையெல்லாம் அதற்கு வேண்டும். கண்ணாடிப் போத்தல் அதற்குச் சிறை.

வளர்க்க முடியாமல் போனால் குளத்திலோ கோயில் கேணியிலோ விட்டுவிடாதீர்கள். நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களுள் ஒன்றாக இது பட்டியலிடப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதன் இறக்குமதியைத் தடை செய்தது. இதையும் 1992க்கு அறிவித்து ஆலோசனை கேளுங்கள்.

ஆமையைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். சல்மொனெல்லா என்ற கிருமியை அது சுமந்திருக்கலாம். வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். பிள்ளைகள் நோயுற்றதால்தான் 1975இல் அமெரிக்கா 4 அங்குலத்துக்கும் சிறிய ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது. ஆமைத் தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

திரும்பிப் போவது சுலபமல்ல

2018 நவம்பரில், சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. வீட்டுப் பிராணிகளாக விற்கப்படுவதற்காகக் கடத்தப்படும் இனம் இது. நோய் இருக்கிறதா, தானாக இரை தேடுமா என்று பார்க்காமல் இத்தகைய ஆமைகளைக் காட்டில் விடுவதில்லை. ஆகவே மீட்ட ஆமையை "பாவம், போகட்டும்" என்று நாமே எங்காவது விடுவதும் உதவி ஆகாது. அடுத்த ஆண்டு, 2019இல், இந்த இனத்தின் சர்வதேச வியாபாரம் முற்றாகத் தடை செய்யப்பட்டது.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

வில்கமுவப் பேத்தி என்னிடம் கேட்ட கேள்வி, "அது என்னைத் தேடுமா?"

"தேடாதும்மா. ஆனா நீ தேடுவாய். அழுகை வந்தா அழு" என்றேன்.

ஏற்கெனவே ஒருவரைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு இன்னொரு பிரிவு பெரிது. அதனால் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் ஆமையை அனுப்பிவிடாதீர்கள். "ஓடிப்போயிற்று" என்று பொய்யும் சொல்லாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் காணாமற்போன வீடுகளில் அந்தப் பொய் ஆழமாகக் காயப்படுத்தும். எங்கே போகிறது, யார் கொண்டுபோகிறார்கள், ஏன் என்று சொல்லுங்கள். கடைசியாக ஒருமுறை பார்க்க விடுங்கள். அந்தப் பேத்தி நான்கு நாள் அழுதாளாம். ஐந்தாம் நாள் குவைத்திலிருந்து தாய் அழைத்தபோது, ஆமை வாய்க்காலுக்குப் போன கதையை அவளே சொல்லியிருக்கிறாள்.

சகோதரிகளே, 1992 என்ற இலக்கத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். தனியே அழைக்கப் பயமென்றால் மகளிர் குழுவில் ஒருவரையோ கிராம உத்தியோகத்தரையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆமைக்காக அப்படி அழைத்துப் பழகியவருக்கு, தன் காணிக்காகவோ பிள்ளைக்காகவோ ஒரு கந்தோர் வாசலில் நிற்கும் நாளில் கை கொஞ்சம் குறைவாகவே நடுங்கும்.