உஷார்! பிள்ளையின் கையில் ஸ்கேன் கார்ட்

போன சனிக்கிழமை என் தங்கச்சி மகன் ஒரு பக்கட்டைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான். மினுங்குகிற உறை. உள்ளே ஐந்து கார்ட். முன்பக்கம் துப்பாக்கி ஏந்திய வீரன், பின்பக்கம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக ஒரு கியூஆர். "மாமா, ஒங்க போன கொஞ்சம் குடுங்க. இத ஸ்கேன் பண்ணுனா ஃப்ரீ ஃபயர்ல டயமண்ட் விழுமாம். அம்மா போன்ல டேட்டா முடிஞ்சிருச்சு" என்றான்.

அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஃப்ரீ ஃபயர் என்பது போனில் ஆடுகிற துப்பாக்கி விளையாட்டு; டயமண்ட் அதற்குள் ஓடுகிற காசு. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு கடையில் 100 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, விலை அச்சிடப்படவில்லை. போன் கமராவைக் கட்டங்களுக்கு நேரே பிடித்தேன். திறப்பதற்கு முன் அது போகப்போகும் முகவரி திரையில் தெரியும். தொடாமல் அதை வாசித்தேன். விளையாட்டு நிறுவனத்தின் பெயர் அதில் இல்லவே இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சுருக்க முகவரி. சிம் போடாத, என் கணக்கு எதுவும் இல்லாத பழைய போன் ஒன்றில் அதைத் திறந்தேன். விளையாட்டின் படத்தோடு ஒரு பக்கம் வந்து, எத்தனை டயமண்ட் வேண்டும் என்று கேட்டது. ஒன்றைத் தொட்டதும் அடுத்த பக்கம்: பேஸ்புக் ஈமெயில் அல்லது போன் நம்பர், அதற்குக் கீழே பாஸ்வேர்ட்.

பக்கத்தில் நின்றவன் அம்மாவின் நம்பரைச் சொல்லவே தொடங்கிவிட்டான்.

றக்வானையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கிற அப்பா அம்மாமார், அண்ணன்மார், ரீலோட் போட்டுக் கொடுக்கிற கொமினிகேஷன் கடைத் தம்பிமார் எல்லோரும் இதைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். பிள்ளைகள் கார்ட் சேர்ப்பது புதிதல்ல, பாவமும் அல்ல. கார்டைக் காட்டி விளையாட்டில் புதிய இடத்தைத் திறப்பது என்ற யோசனையும் மோசடியாகப் பிறந்தது அல்ல. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2001இல் கேம்போய் அட்வான்ஸ் கருவியோடு பொருத்துகிற ஈ-ரீடர் என்ற வாசிப்பானை விற்பனைக்கு விட்டது; அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்கும் போனது. காகித அட்டையின் ஓரத்தில் பொடிப்பொடிப் புள்ளிகளாக ஒரு பட்டை இருக்கும். அதை வாசிப்பானில் இழுத்தால் மேரியோ விளையாட்டில் புதிய கட்டங்கள் வரும். அந்தக் கட்டங்களின் தரவு அந்தப் புள்ளிகளுக்குள்ளேயே அச்சிடப்பட்டிருந்தது; ஒரு நீளப் பட்டையில் 2 கிலோபைட் அளவுக்கு. இன்டர்நெட் வேண்டாம், யாருடைய பாஸ்வேர்டும் வேண்டாம்.

2015இல் அதே நிறுவனம் அனிமல் கிராசிங் விளையாட்டுக்கு அமீபோ கார்ட்களைக் கொண்டுவந்தது. இவற்றில் புள்ளிகள் இல்லை. அட்டைக்குள் மெல்லிய சிப் ஒன்றும் கம்பிச் சுருளும் இருக்கும். கருவியில் தொட்டால், விளையாட்டில் ஏற்கனவே இருக்கிற ஒரு பாத்திரத்துக்குச் சாவி கிடைக்கும். போக்கிமான் பக்கட்களுக்குள் வருகிற கோட் கார்ட் மூன்றாவது வகை. அதிலுள்ள கோட்டை ஒருவர் ஒரு தடவை பயன்படுத்தினால் முடிந்தது. பிறகு அது வெறும் அட்டை. பயன்படுத்திய கோட்டை மறுபடி விற்றால் வாங்கியவர் ஏமாந்தவர்தான்.

நம் பிள்ளைகள் கையிலிருக்கிற கார்ட் இந்த மூன்றில் எதுவும் இல்லை. அதற்குள் விளையாட்டும் இல்லை, சாவியும் இல்லை. ஒரு முகவரி மட்டும் இருக்கிறது. அந்த முகவரி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தீர்மானிப்பவர் அதை அச்சடித்தவர். சுருக்க முகவரியாக இருந்தால், இன்றைக்கு ஒரு படத்தைக் காட்டிவிட்டு நாளைக்கு வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடவும் அவரால் முடியும். அட்டை மாறாது, கட்டங்கள் மாறாது. போகிற இடம் மட்டும் மாறிவிடும். "நேத்து ஸ்கேன் பண்ணுனேன், ஒன்னும் ஆகல" என்று பிள்ளை சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கியூஆரைப் பார்த்தாலே நமக்கு ஒரு நம்பிக்கை வருகிறது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2022இல் எண்ணெய் வரிசையில் நின்ற நாட்களில் எரிபொருள் அனுமதிக்கான கியூஆர் வந்தது. த்ரீவீலுக்கு வாரம் 5 லீட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர் என்று தொடங்கினார்கள். கியூஆர் இருந்தால் பெட்ரோல், இல்லாவிட்டால் இல்லை. 2023 செப்டம்பரில் அதை நிறுத்தும் வரைக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருந்தோம். அரசாங்கம் கொடுத்தது, அதனால் நல்லது என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அன்று நாம் நம்முடைய கியூஆரைக் காட்டினோம், ஷெட்டில் நின்றவர் ஸ்கேன் பண்ணினார். இன்று யாரோ ஒருவருடைய கியூஆரை நம் போன் ஸ்கேன் பண்ணுகிறது. இரண்டும் நேரெதிர்த் திசை. தெரிந்த வாசலில் நின்று நம் அடையாளத்தைக் காட்டுவது ஒன்று. இருட்டில் ஊர் பேர் தெரியாத வாசலுக்குள் நாமே நுழைவது வேறொன்று.

அந்தப் போன் யாருடைய போன் என்றும் பாருங்கள். கொழும்பில் வசதியான வீட்டில் பிள்ளைக்கென்று தனியாக ஒரு டேப் இருக்கலாம். லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் போன் இருந்தாலே பெரிது. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடி, வாட்ஸ்அப்பில் பாடம் வரத் தொடங்கியபோது கடன்பட்டு வாங்கிய போன்தான் பல வீடுகளில் இன்றைக்கும் ஓடுகிறது. அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வரும் குறுஞ்செய்தி அதில்தான். அஸ்வெசும காசு வந்ததா என்று பார்ப்பதும், கொழும்பில் கடையில் நிற்கிற மகன் ஈசி கேஷ் போடுவதும், வெளிநாட்டில் வேலை செய்கிற மகள் இரவில் முகம் காட்டிப் பேசுவதும் அதில்தான். பிள்ளை விளையாடுவதாக நினைத்துத் தொடுகிற அதே திரையில் குடும்பத்தின் மொத்த வரும்படியும் இருக்கிறது.

கணக்குப் பறிபோனால் நடப்பதைச் சொல்கிறேன். பாஸ்வேர்டை வாங்கியவர் முதலில் அதை மாற்றுவார், நீங்கள் வெளியே. பிறகு உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு, சொந்தக்காரருக்கெல்லாம் செய்தி போகும்: "அவசரமா 5,000 ரூபா போட ஏலுமா, நாளைக்குத் தாறேன்." வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அம்மா கேட்டார் என்று நம்பிப் போட்டுவிடும். சில பக்கங்கள் பாஸ்வேர்டோடு நிற்காமல், போனுக்கு வருகிற ஆறு இலக்க ஓடிபியையும் கேட்கும். அதைக் கொடுத்தால் வாட்ஸ்அப் போகலாம், காசும் போகலாம். வேறு சில, "டயமண்ட் வர இந்த அப்பை இறக்கு" என்று பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஒரு கோப்பை இறக்கச் சொல்லும். எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பயம் இதில்தான். அப்படி நுழைகிற அப், குறுஞ்செய்தியை வாசிக்க அனுமதி கேட்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டதற்கெல்லாம் "ஓகே" கொடுக்கும். அதற்குப் பிறகு ஓடிபியை யாரும் உங்களிடம் கேட்கவே தேவையில்லை.

ஃப்ரீ ஃபயரை நடத்துகிற கரீனா நிறுவனம் பரிசுக் கோட்கள் வெளியிடுவது உண்மை. அவை 12 அல்லது 16 எழுத்தும் எண்ணும் கொண்டவை. அந்த நிறுவனத்தின் சொந்தப் பரிசுத் தளத்தில்தான் பதிய வேண்டும். காலக்கெடு முடிந்தால் செல்லாது. கெஸ்ட் கணக்கில் விளையாடுகிற பிள்ளைக்கு அவை கிடைக்கவே கிடைக்காது. மோசடிப் பக்கங்களில் அந்த நிறுவனத்தின் பெயரையும் படத்தையும் திருடி ஒட்டியிருக்கிறார்கள். இந்தியா 2022 பெப்ரவரியில் அந்த விளையாட்டைத் தடை செய்தது. காரணம் வேறு, தரவுப் பாதுகாப்புப் பற்றிய பயம். இங்கே அப்படித் தடை வரட்டும் என்று நான் கேட்கவில்லை. பெரட்டுக்குப் போன அம்மா திரும்பும் வரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டிடம் எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கியூஆர் நல்லதாகவே இருந்தாலும், மூடிய பக்கட் என்பது தனி ஆபத்து. நம்ம ஊர் மாணிக்கக் குழி தெரிந்த ஊர். இன்னும் ஒரு கூடை இல்லம் கழுவினால் கல் கிடைக்கும், இன்னும் ஒரு கூடை என்று குழிக்குள்ளேயே காலத்தைத் தொலைத்தவர்களை நமக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பக்கட் பிள்ளைக்கு அதே குழி. ஐந்தில் நான்கு அவனிடம் இருக்கிற கார்டாகவே இருக்கும். தங்க நிறக் கார்ட் அடுத்த பக்கட்டில் வரும் என்று நினைப்பான். சேர்த்து முடித்தால் பெரிய பரிசு என்ற ஆசை எவ்வளவு கொடியது என்று கார்ட் சேர்ப்பதில் ஊறிய ஜப்பானுக்கே தெரியும். போன் விளையாட்டுகளில் பணம் கட்டிக் குலுக்கி, ஒரு தொகுதி முழுவதையும் சேர்த்தவருக்கு மட்டும் அரிய பொருள் கொடுக்கும் முறையை அந்த நாட்டு நுகர்வோர் முகவரகம் 2012இல் சட்டவிரோதம் என்று அறிவித்தது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் விளையாட்டுகளுக்குள் காசுக்கு விற்கிற அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூது என்றே சொல்லிவிட்டது. அங்கே அப்படி. இங்கே அது ரொட்டிக்கும் ரீலோட் கார்டுக்கும் நடுவில் தொங்குகிறது.

தோட்டத்தில் நாள் சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில் பதின்மூன்று பக்கட் என்றால் ஏறக்குறைய ஓர் ஆளின் ஒரு நாள் பெயர். அட்டைக் கடியோடு மழையில் நின்று கிள்ளிய கொழுந்து அது.

போன் வீட்டில் இருந்தால் இன்றிரவே இவற்றைச் செய்துவிடுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றிவையுங்கள். சில சிம்களில் ரீலோட் காசிலேயே அங்கே பொருள் வாங்கிவிடலாம் என்பதால் வங்கி அட்டை எண் கொடுக்கவில்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. தெரியாத இடத்திலிருந்து அப் இறக்கும் அனுமதியை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டப் பாதுகாப்பு எண்ணைப் போடுங்கள், பேஸ்புக்கிலும் அப்படியே. பேஸ்புக் பாஸ்வேர்டைப் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தால் மாற்றுங்கள். இதெல்லாம் பிடிபடாவிட்டால் வெட்கப்படாமல் ஏ.எல். படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள், பத்து நிமிட வேலை.

ஏற்கனவே பாஸ்வேர்ட் போய்விட்டதென்றால் அழுது கொண்டு நிற்காதீர்கள், நேரம் முக்கியம். வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள். ஓடிபி கொடுத்திருந்தால் உடனே வங்கிக்குப் பேசுங்கள். சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டு, என் பெயரில் காசு கேட்டால் போடாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இலங்கைக் கணினி அவசர உதவிக் குழுவின் எண் 101. படம் அனுப்பு, தனியாகப் பேசு என்று யாராவது பிள்ளையைக் கேட்டிருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போனால் அந்தக் கார்டையும் உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள், கிழித்து அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளையை அடிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அடி வாங்கிய பிள்ளை அடுத்த தடவை ஒளிந்து ஸ்கேன் பண்ணும், கணக்குப் போனாலும் வாய் திறக்காது. என் தங்கச்சி மகன் அன்று என்னிடம் போன் கேட்டு வந்ததால்தான் எனக்கு இது தெரியவந்தது. அவனோடு உட்கார்ந்து ஐந்து கார்டையும் ஒவ்வொன்றாக எடுத்து, முகவரியை மட்டும் வாசித்துப் பார்த்தோம். ஐந்தும் ஒரே இடத்துக்குத்தான் போயின. "அப்போ டயமண்டே இல்லையா மாமா?" என்று கேட்டான். முகம் சுருங்கிப் போனது. பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கெட்டவர் அல்ல. பெல்மதுளைப் பக்கமிருந்து வேனில் வந்த ஒருவர் சரக்கோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போனாராம், பெயர் தெரியாதாம். பக்கட்டை அவர் முன்னாலேயே திருப்பிக் காட்டினேன். செய்தவர் பெயரோ விலையோ போடாத பொருளை விற்றால் நுகர்வோர் அதிகார சபைக்கு யாரும் 1977க்கு அழைத்துச் சொல்லலாம், மாட்டிக்கொள்வது வேன்காரர் அல்ல, நீங்கள்தான் அண்ணே என்றேன். யோசித்துப் பார்க்கிறேன் என்றார்.

நான் இதை எழுதுகிற செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கும் அந்தப் பக்கட் சரம் கடை வாசலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம் 1.30க்கு விடும்.